வாசலோடு திரும்பிப் போனவனுக்கு

சவரிக்கண்ணு,

இந்தப் பேர் சொல்லி உன்னைக் கூப்பிட்டு வெகுநாள் ஆகிறது. மண்ணாடிப்பட்டுப் பக்கத்தில் இப்போது உன்னை உபதேசியார் என்கிறார்களாம். நீ வந்தால் பெரியவர்கள் கூடத் தோள் துண்டை இறக்குகிறார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கடுதாசி உபதேசியாருக்கு இல்லை, நான் பெற்ற பிள்ளைக்கு. எனக்கு எழுத்து எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும். நடவுக்குப் போகிற வயசு வரைக்கும் கன்னியாஸ்திரீ அம்மாக்களிடம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். பிழை இருந்தால் திருத்திக்கொள். மற்றவர்கள் பிழையைத் திருத்துவதில் உனக்கு நல்ல பழக்கம் வந்திருக்கிறது. இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். ஊரார் முன்னால் படித்தாலும் சரி, கோயிலில் படித்தாலும் சரி, எனக்குச் சம்மதம்தான்.

நீ எழுதி அனுப்பினது வந்தது. ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது, அன்றைக்கு நம் ஊர்க் கல்லறையில் செபம் சொல்ல நீதான் வரப்போகிறாய், சந்தோஷம். அதற்குள் நான் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் முழங்கால் போட்டு, "என் மகள் தெரேசு சர்வேசுரனை மறுதலித்து அஞ்ஞானச் சாமியைக் கும்பிட்டாள், அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் ராயப்பன் மாமாவும் மற்றப் பெரியவர்களும் மனம் இறங்கிக் கல்லறைக் கள்ளிவேலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு அவள் மண்மேட்டையும் உள்ளே சேர்த்துக்கொள்வார்கள், சாமியார் வந்து மந்திரிப்பார். இதுதானே நீ எழுதினது? கடைசியில் ஒன்று எழுதியிருந்தாய். "அம்மா, பாசம் வேறு, நியாயம் வேறு. அவர்கள் செய்தது நியாயம்தானே." அந்த வரியை உன் அக்கா பெற்ற அன்னம்மாளுக்கு நான் படித்துக் காட்டவில்லை. தாயை மண்ணுக்குக் கொடுத்த குழந்தை அது. மாமன் இன்னா எழுதியிருக்காரு ஆயா என்று கேட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் என்று சொன்னேன்.

நான் முழங்கால் போட மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கடைசி வரைக்கும் தேட வேண்டாம். ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தபசு காலத்தில் நம் சேரியில் பெரியம்மை வந்தபோது முதலில் விழுந்தது அன்னம்மாள். உன் அத்தான் சைகோன் பட்டாளத்துக்குப் போய் ஒரு சேதியும் இல்லாமல் இருந்த நேரம். தெரேசு தனியாளாகக் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சின்ன வயசிலேயே வந்துபோன நோய், அதனால் நான் உள்ளே போனேன். இன்னொருத்தி வந்தாள், பச்சையம்மா. தெரேசுவோடு ஒரே வரிசையில் நின்று நாற்று நடுகிறவள். வயலில் அவள் பேசினால் வரிசை முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்குமே, அந்தப் பச்சையம்மா. அவள் முகத்தில் அம்மைத் தழும்பு இருக்கும், பார்த்திருப்பாய். "என்னைத் தின்னுட்டுத் துப்பின நோவு, மறுபடி தின்னாது, நான் பாத்துக்கறேன் நீ செத்த படு" என்று அவள்தான் தெரேசுவைப் படுக்க வைத்தாள். கோயிலுக்கு வருகிற நம் ஜனங்கள் எத்தனை குடும்பம் அந்தத் தெருவில் இருக்கிறது. ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை. கஞ்சிச் சட்டியை வேலிப் பக்கம் வைத்துவிட்டுப் போகக்கூட ஒரு கை நீளவில்லை.

வேப்பிலையைக் கூரை இறப்பில் கட்டினது பச்சையம்மாதான். கட்டச் சொன்னது நான்தான். நோய் இருக்கிற வீடு என்று வழியில் போகிறவன் தெரிந்துகொண்டு ஒதுங்கிப் போகட்டும் என்று கட்டுவது அது. பாயில் பரப்பினதும் அதுதான். முத்து உடைந்து பச்சை ரணமாக இருக்கிற உடம்பு கோரைப்பாயில் ஒட்டிக்கொள்ளும், திருப்பிப் படுக்க வைத்தால் தோல் பாயோடு வரும். நமைச்சலுக்குத் தடவிக் கொடுப்பதும் அந்தக் கொத்துதான். அந்த மரத்தையும் சர்வேசுரன்தான் உண்டாக்கினார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று உங்கள் புத்தகத்தில் இருந்தால் எனக்கும் காட்டு.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தினால் தெரேசு குற்றமில்லாதவள், நீங்கள் தெரியாமல் தப்பாக நினைத்துவிட்டீர்கள் என்று முடிந்துபோகும். அது எனக்கு வேண்டாம். யாருக்கும் தெரியாத ஒன்றை நானே உனக்குச் சொல்கிறேன். அவள் வேண்டிக்கொண்டாள். குழந்தைக்கு இமைக்குள்ளே முத்து இறங்கினபோது, கண் போய்விடும் என்று பச்சையம்மா முகம் மாறினபோது, தெரேசு முதலில் தேவமாதாவைக் கூப்பிட்டாள். செபஸ்தியாருக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள். தன் கழுத்தில் கிடந்த தேவமாதா உத்தரியத்தைக் கழற்றிக் குழந்தை மேல் வைத்தாள். அப்புறம் பச்சையம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க ஆத்தாகிட்ட எனக்காக நீ சொல்லு. எம் புள்ள கண்ணு பொழைச்சா கூழு ஊத்தறேன்னு சொல்லு" என்றாள். பச்சையம்மாவே பயந்து போனாள். "அடி இவளே, உங்க ஆளுங்க காதுல வுழுந்தா உன் தோலை உரிப்பாங்கடி" என்றாள். "உரிக்கட்டும். எனக்கு இன்னா, எம் புள்ளக்கிக் கண்ணு வேணும்" என்றாள் உன் அக்கா.

போதுமா? நீங்கள் பார்த்தது வெறும் இலை. நான் கேட்டது அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை. உங்களைக் காட்டிலும் பெரிய சாட்சி என்னிடம்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன், அவளைத் தீர்ப்பிட உங்களில் ஒருவனுக்கும் பாத்தியதை கிடையாது. வெள்ளத்தில் போகிற பிள்ளையைப் பிடிக்க ஓடுகிற தாயை, எந்தக் கரையில் இறங்கினாய் என்று விசாரிக்கிறவன் வெள்ளத்தைப் பார்த்தவன் இல்லை.

அன்னம்மாளுக்குக் கண் பிழைத்தது. யார் காப்பாற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பச்சையம்மாவைக் கேட்டதற்கு, "உங்க சாமியும் எங்க சாமியும் யாரு பொழைக்க வெச்சதுன்னு சண்ட போட்டுக்கட்டும், நீ கஞ்சியக் குடி" என்றாள். குழந்தை எழுந்து உட்கார்ந்தபோது தாய் படுத்தாள். குழந்தைக்கு வந்ததைப் போல இரண்டு பங்கு அவளுக்கு. ஒரு பொட்டு இடம் விடாமல் போட்டிருந்தது. அப்போதுதான் உனக்குச் சேதி சொல்லி அனுப்பினேன். நீ சாமியார் வீட்டில் இருந்து உபதேசியார் வேலைக்குப் பழகிக்கொண்டிருந்தாய். அக்காவுக்கு ரொம்ப முடியவில்லை, உயிர் போவதற்குள் எண்ணெய் தொட்டு அவஸ்தை பூச சாமியாரை அழைத்துக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினேன். நீ தனியாக வந்தாய். முதலில் நிலவரம் பார்த்துவிட்டு அப்புறம் சாமியாரைக் கூப்பிடலாம் என்று வந்தாய் போலிருக்கிறது. உச்சி வெயில். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் செபப்புத்தகம். வாசலுக்கு எதிரே வந்து நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டாய்.

"அம்மா, இது இன்னா கோலம்? இதை யாரு கட்னது?" என்றாய்.

"அது கிடக்கட்டும், உள்ள வாடா. அக்கா உன்னையே கேட்டுகினு இருக்கா" என்றேன்.

"அஞ்ஞான வேலை நடக்கற வூட்டுக்குள்ள நான் எப்படி வர்றது? சாமியாரைத்தான் எப்படி அழைச்சிக்கினு வர்றது? மொதல்ல அதை அவுத்துப் போடு."

உள்ளேயிருந்து பச்சையம்மா, "வேப்பிலை கடிக்காது தம்பி, வா" என்றாள். உனக்குச் சுருக்கென்றிருக்கும். அவள் அப்படித்தான் பேசுவாள். நான் உன்னோடு வழக்காடவில்லை. வேப்பிலை முக்கியமா, அவஸ்தை பூசுவது முக்கியமா? அவிழ்க்கத்தான் கையைத் தூக்கினேன். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் இழுத்தேன். அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், நீ ஏரிக்கரை வரப்பில் போய்க்கொண்டிருக்கிறாய். கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை.

இதைத்தான் சவரி, நான் நாள் தவறாமல் நினைத்துப் பார்க்கிறேன். வேப்பிலைதான் உன்னைத் தடுத்தது என்றால், அது அவிழ்கிற வரைக்கும் நீ நின்றிருப்பாய். நீ நிற்கவில்லை. நீ பயந்துபோனாய். அம்மைக்குப் பயந்தாய். அதில் என்ன வெட்கம்? நேரான உடம்பு, நல்ல முகம், இருபது சொச்சம் வயசு, பயம் வராதா? "அம்மா, எனக்குப் பயமாக் கீது, நான் போறேன்" என்று சொல்லியிருந்தால் நானே உன்னைத் துரத்தியிருப்பேன். ஒருத்தி போகிறாள், இன்னொருவனையுமா கொடுக்கச் சொல்வேன்? பயந்தது நீ மட்டுமா, தெருவே பயந்தது. ஆனால் பயந்தோம் என்று ஒருவன் வாயிலும் வரவில்லை. பயத்துக்குப் பக்தி என்று பேர் வைத்தீர்கள். போகாததற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. செத்துக்கொண்டிருந்தவளைப் பாவியாக்கினீர்கள், காரணம் கிடைத்துவிட்டது.

அவள் போன அன்று ராயப்பன் மாமா வேப்பமரத்தடியில், அதுவும் வேப்பமரம்தான் பார்த்துக்கொள், பெரியவர்களைக் கூட்டினார். உன்னையும் வரச் சொன்னார். "நீ உன் கண்ணால பாத்தியாப்பா?" என்று கேட்டார். "பார்த்தேன்" என்றாய். ஒரே வார்த்தை. பொய் இல்லை. அந்த வாசலுக்கு எதிரே வந்து நின்ற கிறிஸ்துவன் நீ ஒருவன்தான், உன் கண்ணை விட்டால் அவர்களுக்கு வேறு சாட்சி கிடையாது. உன் அக்கா எப்படி இருந்தாள் என்று ஒருவரும் உன்னைக் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. சொல்ல உனக்குத் தெரியாது, நீதான் உள்ளே வரவில்லையே. அந்தச் சாட்சி சொன்ன பிறகுதான் உனக்கு மண்ணாடிப்பட்டு கிடைத்தது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை நம்பவில்லை. நம்பினவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். அதையும் தெரிந்துகொள்.

மணி அடிக்கவில்லை. மாமா கோயில் மணிக்கயிற்றைச் சுருட்டி, யாருக்கும் எட்டாதபடி உத்தரத்தில் கட்டி வைத்தார். நான் எங்கே போய் இழுத்துவிடுவேனோ என்று. தூக்கிக்கொண்டு போனது பச்சையம்மா புருஷனும் அவன் தம்பியும். கள்ளிவேலிக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் மேட்டில், தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுவதற்குள் போய்விட்ட குழந்தைகளைப் புதைக்கிற இடத்தில் வைத்தோம். தாய் இல்லாமல் தனியாகக் கிடந்த பிள்ளைகள் அதுகள். அதுகளுக்காவது ஒரு தாய் கிடைத்தாள். மேர் ஆபீசில் சாவு எழுதப் போனபோது குமாஸ்தா பேர் கேட்டார், வயசு கேட்டார், புருஷன் பேர் கேட்டார். கடைசியில் எந்தச் சாமியைக் கூப்பிட்டாள் என்று அவர் கேட்கவில்லை. பரங்கி சர்க்காருக்கு இருந்த மரியாதை கூட நம் சபைக்கு இல்லை.

அவள் மண் காய்வதற்குள் வைகாசி வந்தது. ராயப்பன் மாமாவும் மற்றப் பெரியவர்களும் வண்டி கட்டிக்கொண்டு வில்லியனூர் ஈஸ்வரன் கோயில் தேர் பார்க்கப் போனார்கள். கும்பிடப் போகவில்லையாம், வேடிக்கை பார்க்கப் போனார்களாம். திரும்பி வந்து பேசின பேச்சு இருக்கிறதே. "கவர்னர் தொரையே வந்து வடத்தைத் தொட்டாருப்பா. தொப்பியக் கழட்டிட்டுத் தொட்டாரு" என்று மாமாவுக்கு ஒரே பூரிப்பு. நான் களத்து ஓரமாக நின்று கேட்டேன். "ஏன் மாமா, தொரை ஞானஸ்நானம் வாங்கினவரா, இல்லையா?" என்றேன். "அவருக்கு இல்லாமயா பின்னே?" என்றார். "அப்போ அவரு செத்தா வேலிக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்றேன். அப்புறம் மாமா குரலைத் தணித்துக்கொண்டு, "எங்களுக்கு இன்னா உம் மேல கோவமா? சபைன்னா ஒரு கட்டு வேணும் இல்ல. இன்னிக்கு ஒருத்திய வுட்டா நாளைக்கு எல்லாரும் வேப்பிலை கட்டுவாங்க" என்றார். "செத்தவ எங்கே போய் வேப்பிலை கட்டப் போறா மாமா? கட்டறதா இருந்தா உசிரோட இருக்கறவங்களைக் கட்டுங்க. கஞ்சிச் சட்டி தூக்கினு வராத கையைக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாய்க்கொழுப்பு என்று பேசிக்கொண்டார்களாம். இருக்கட்டும்.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்காது, நீ அப்போது சின்னவன். வைக்கோல் போரில் விளையாடப் போய் உன்னைத் தேள் கொட்டிவிட்டது. வாயில் நுரை. நான் கரும்புத் தோட்டத்தில் இருந்தேன். வீட்டில் இருந்தது தெரேசு, அவளே சிறுபெண். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடி, தேள்கடிக்கு மந்திரிக்கிற பூசாரி வீட்டு வாசலில் போட்டாள். அவர் வேப்பங்கொத்தால் விஷத்தை இறக்கி, பச்சிலை கட்டி, நெற்றியில் விபூதி பூசினார். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது நீ பட்டை விபூதியோடு அவள் மடியில் உட்கார்ந்து வெல்லம் தின்றுகொண்டிருந்தாய். அவளுக்குக் கால் முழுக்க முள். நெற்றியைத் துடைத்துவிடட்டுமா என்று கேட்டாள். விடு, தானே உதிரட்டும் என்றேன். உங்கள் கணக்குப்படி அன்றைக்கே நாங்கள் உன்னை வேலிக்கு வெளியே விட்டிருக்க வேண்டும். உன் அக்கா உன்னை விபூதியோடுதான் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பிள்ளைகளுக்கு விசுவாசமந்திரம் சொல்லிக் கொடுக்கிறாயே. உயிரோடு இருக்கிறவர்களையும் செத்தவர்களையும் நடுத்தீர்க்க அவர் வருவார் என்று அதில் வருகிறது. சின்ன வயசிலிருந்து நானும் சொல்லிக்கொண்டு வருகிறேன். அவர் வருவார் என்றுதான் இருக்கிறது. அவருக்கு முன்னால் ராயப்பன் மாமா வருவார், சவரி வருவான், வேலி போட்டு ஆட்களைப் பிரித்து வைப்பார்கள், அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அதில் இல்லை. தப்பைத் தப்பு என்று சொல்லக் கூடாதா என்று நீ கேட்பாய். சொல். திருடினவனைத் திருடாதே என்று சொல். பெண்டாட்டியை அடிக்கிறவன் கையைப் பிடி. அதற்கு வாய் திறக்காதவன் கிறிஸ்துவனே இல்லை. ஆனால் ஒரு ஆத்துமா எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல நீ யார்? அது அவருக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற பேச்சு. அந்தப் பேச்சு நடந்தபோது பக்கத்தில் இருந்த நானே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். தெருவில் நின்றவர்களுக்கு என்ன?

நீ உபதேசியாராய் இன்னும் எத்தனையோ வீட்டு வாசலில் நிற்கப் போகிறாய். வேப்பிலை கட்டியிருக்கும், தாயத்துத் தொங்கும், புருஷனை அறுத்துக்கொண்டு வந்தவள் இருப்பாள், கோயிலில் கல்யாண ஓலை வாசிக்காமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் இருப்பார்கள். முதலில் உள்ளே போ. தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடு. பக்கத்தில் உட்கார். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அப்புறம் சொல். உள்ளே போக முடியாது, பயமாக இருக்கிறது என்றால் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பு. ஆனால் உள்ளே போகாத வீட்டைப் பற்றி வெளியே வந்து ஒரு வார்த்தை பேசாதே. உனக்கு நான் கொடுக்கிற புத்தி இவ்வளவுதான்.

இப்போது ஐப்பசி மழை அடித்து அவள் மண்மேடு கரைந்துகொண்டே வருகிறது. நானும் பச்சையம்மாவும் போய் வாய்க்கால் மண்ணை வெட்டிப் போட்டு அணைத்துவிட்டு வந்தோம். அன்னம்மாள் சின்னச் சட்டியில் மண் சுமந்தது. திருநாள் அன்றைக்கு நீங்கள் எல்லாரும் வேலிக்குள் மெழுகுதிரி ஏற்றுவீர்கள். நான் வேலிக்கு வெளியே ஏற்றுவேன். காற்று இந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதல், அணைந்தால் மறுபடி ஏற்றுவேன். நீ வெள்ளைச் சட்டையில் நின்று மரித்த ஆத்துமாக்களுக்காகச் செபம் சொல்லும்போது நானும் பதில் சொல்வேன், என் குரல் உனக்குக் கேட்கும். முழங்கால் அவளுக்குப் பக்கத்தில் சேற்றில் போடுவேன். கோயில் வாசலில் போட மாட்டேன். வேலி அங்கேயே இருக்கட்டும்.

எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தது ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்கு நீ வாசலுக்கு எதிரே நின்று பேசினது அவளுக்குக் கேட்டது. கண் இரண்டும் ஒட்டிப்போய்த் திறக்க முடியாமல் கிடந்தாள். ஆனால் உன் குரல் அவளுக்குத் தெரியாதா, இடுப்பில் சுமந்தவள். நான் கையில் வேப்பிலையோடு உள்ளே வந்தபோது, "தம்பி வந்துட்டானா? உள்ள கூப்புடும்மா, வெய்யில்ல நிக்கறான்" என்றாள். நான் பொய் சொன்னேன். "சாமியாரை அழைச்சிக்கினு வரப் போயிருக்கான், இதோ வந்துடுவான்" என்றேன். அவள் சிரமப்பட்டு முகத்தை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். போகிற வரைக்கும் அந்தப் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். பச்சையம்மா தலையை நேராக வைக்கப் பார்த்தாள், அவள் விடவில்லை.

எனக்கும் வயசாகிறது, நானும் அவளிடம் போகிற நாள் வரும். போனால் அவள் முதலில் கேட்கப் போவது எனக்குத் தெரியும். "தம்பி எங்கம்மா, இன்னும் வரலையா?" என்றுதான் கேட்பாள். நியாயம் தெரிந்தவன் நீ, நீயே சொல். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?